பழைய மானிட்டர், புது கிராஃபிக்ஸ் கார்டு... நடுவுல ஒரு பாலம் போதும் பாஸ்!

புது கார்டு வாங்கியாச்சு. பழைய மானிட்டரோட நீல கேபிளைச் சொருக இடமே இல்லையா? புது மானிட்டருக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க!

இப்படி ஒரு நாளைக் கற்பனை பண்ணிக்கோங்க. உங்க வீடு செஞ்சியில். பல மாசம் சேர்த்து வெச்ச காசோட சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறீங்க. கடை கடையா ஏறி இறங்கி, பேரம் பேசி, ப்ராசஸர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டுனு எல்லாத்தையும் வாங்கிட்டீங்க. கிளாம்பாக்கத்துல திருவண்ணாமலை பஸ் ஏறி, அட்டைப்பெட்டியை மடியில வெச்சுக்கிட்டே திண்டிவனம் தாண்டி, செஞ்சி கூட்டு ரோட்டுல இறங்கும்போது இருட்டிடுச்சு. பரவாயில்ல, இன்னிக்கு ராத்திரியே கேம் ஆடிடலாம்னு ஒரு வேகம்.

எல்லாத்தையும் மாட்டியாச்சு. மானிட்டர் மட்டும் பழசு. அண்ணன் காலேஜ் படிச்சப்ப வாங்கினது. நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் புதுசுனு மொத்த பட்ஜெட்டையும் கார்டுல போட்டுட்டீங்க. அதோட நீலக் கலர் கேபிளை எடுத்து கார்டுக்குப் பின்னாடி கொண்டு போறீங்க. அங்க அந்த ஷேப்ல ஒரு ஓட்டைகூட இல்ல.

இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஒரு குரூப், 'மானிட்டர் செத்துப்போச்சு'னு முடிவு பண்ணி ஆயிரக்கணக்குல செலவு பண்ணிடும். இன்னொரு குரூப், ஆன்லைன்ல இருக்கறதுலயே விலை குறைவான கேபிளை ஆர்டர் போட்டு, நாலு நாள் காத்திருந்து, அதுவும் வேலை செய்யாம நொந்து போகும். மூணாவது குரூப் இன்னும் பாவம். கேபிளை மதர்போர்டுல சொருகிட்டு, படம் வந்துடுச்சுனு சந்தோஷப்படும். வாங்கின கார்டு சும்மா உட்கார்ந்திருக்கறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது.

செஞ்சிக்காரங்களுக்கு இந்தச் சிக்கலைப் புரிய வைக்கறது ரொம்ப ஈஸி. ராஜகிரி மேல ஏறியிருப்பீங்க. உச்சிக் கோட்டைக்குக் கொஞ்சம் முன்னாடி பாறையில ஒரு பெரிய பிளவு இருக்கும். இந்தப் பக்கமும் பாறை, அந்தப் பக்கமும் பாறை, நடுவுல பள்ளம். அந்தக் காலத்துல அதைத் தாண்ட ஒரு மரப்பாலம் போட்டிருந்தாங்க. எதிரி வந்தா பாலத்தை எடுத்துடுவாங்க, அவ்வளவுதான், கோட்டைக்குள்ள நுழைய முடியாது. உங்க கார்டுக்கும் மானிட்டருக்கும் நடுவுலயும் அப்படி ஒரு பிளவுதான். ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு. பாலம்தான் இல்ல. அது என்ன பாலம், எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாது? பார்த்துடலாம்.

நீல போர்ட் எங்கே போச்சு?

அந்த நீல போர்ட்டோட பேர் விஜிஏ. மூணு வரிசை, வரிசைக்கு அஞ்சுனு மொத்தம் 15 பின். 1987-ல் ஐபிஎம் நிறுவனம் தன்னோட பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோட கொண்டுவந்தது. அப்போ மானிட்டர்னா டப்பா மானிட்டர்தான், அதாவது சிஆர்டி. அதுக்குள்ள இருக்கற எலெக்ட்ரான் துப்பாக்கிக்கு 0, 1 எல்லாம் புரியாது. அதுக்குத் தெரிஞ்சது வோல்டேஜ் மட்டும்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி ஒயர். ஒவ்வொண்ணுலயும் 0-ல இருந்து 0.7 வோல்ட் வரைக்கும் ஏறி இறங்கும். வோல்டேஜ் கூடினா அந்த நிறம் பளிச்னு தெரியும், குறைஞ்சா மங்கும். இதுக்குப் பேர்தான் அனலாக்.

கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள யோசிக்கறது டிஜிட்டல்ல. அதனால கிராஃபிக்ஸ் கார்டுலயே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். 0, 1 கணக்கை வோல்டேஜா மாத்தித் தர்றதுதான் அவர் வேலை. டெக்னிக்கலா சொன்னா, டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர். சுருக்கமா டேக்.

அப்புறம் தட்டையான எல்சிடி மானிட்டர் வந்துச்சு. அதுவும் உள்ளுக்குள்ள டிஜிட்டல்தான். ஆனா பழக்கதோஷத்துல பல வருஷம் விஜிஏ கேபிளோடயே வித்தாங்க. கம்ப்யூட்டர் டிஜிட்டலை அனலாக் ஆக்கும், மானிட்டர் அந்த அனலாக்கைத் திரும்ப டிஜிட்டல் ஆக்கும். தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு மாத்தி, மறுபடி தமிழுக்கே மாத்தற கதை. ரெண்டு தடவை மாத்தினா கொஞ்சம் அர்த்தம் சிந்தத்தானே செய்யும்? விஜிஏ-ல எழுத்துகள் லேசா மங்கலாத் தெரியறதுக்கு இதுதான் காரணம்.

இந்தச் சுத்துவழியை ஒழிக்கத்தான் 1999-ல் டிவிஐ, 2002-ல் ஹெச்டிஎம்ஐ, 2006-ல் டிஸ்ப்ளேபோர்ட்னு வரிசையா வந்துச்சு. 2010 டிசம்பர்ல இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாம் சேர்ந்து, 2015-க்குள் விஜிஏ-வுக்கு விடைகொடுக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் கார்டுகள்ல இருந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேலை போச்சு. ஏஎம்டி 2013-ல் ரேடியான் ஆர்9 290 கார்டுல அவரைக் கழட்டிவிட்டது. என்விடியா 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ்ல கழட்டிவிட்டது.

இன்னிக்குக் கடையில வாங்கற கார்டைத் திருப்பிப் பாருங்க. பெரும்பாலும் மூணு டிஸ்ப்ளேபோர்ட், ஒரு ஹெச்டிஎம்ஐ இருக்கும். அனலாக்கைத் தரக்கூடிய பாகமே அதுக்குள்ள கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. உங்க மானிட்டருக்கு வயசாகிடுச்சுங்கறது பிரச்னையே இல்ல. மொழிபெயர்ப்பாளர் இல்ல, அதுதான் பிரச்னை. அவரை வெளியில இருந்து கூட்டிட்டு வரணும்.

முதல்ல மானிட்டரோட முதுகைப் பாருங்க!

போன்ல டார்ச்சைப் போட்டு மானிட்டருக்குப் பின்னாடி, கீழ்ப்பக்கமா பாருங்க. தூசியைத் துடைச்சிட்டுப் பார்த்தா இன்னும் நல்லது. நிறைய பேர் வருஷக்கணக்கா விஜிஏ மட்டும்தான் இருக்குனு நினைச்சுட்டு இருப்பாங்க. பக்கத்துலயே இன்னொரு போர்ட் பிளாஸ்டிக் மூடியோட சும்மா இருக்கும்!

*ஹெச்டிஎம்ஐ இருக்கா?* லக்கி நீங்க. சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும், கதை முடிஞ்சது.

*வெள்ளை நிறத்துல, நிறைய துளைகளோட நீளமா ஒரு போர்ட் இருக்கா?* அது டிவிஐ. இதுவும் பாதி லக்குதான். ஹெச்டிஎம்ஐ-யும் டிவிஐ-யும் படத்தை அனுப்பற முறையில அண்ணன் தம்பி. மொழிபெயர்ப்பே தேவையில்ல. ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ, மறுபக்கம் டிவிஐ-டி இருக்கற சாதாரண கேபிள் வாங்கினா போதும். விஜிஏ-வைவிடப் படமும் பளிச்னு இருக்கும். விஜிஏ, டிவிஐ ரெண்டும் இருந்தா கண்ணை மூடிட்டு டிவிஐ-க்குப் போங்க. ஒரே ஒரு எச்சரிக்கை. 2560×1600 மாதிரி பெரிய ரெசல்யூஷன் கொண்ட பழைய 30 இன்ச் மானிட்டர்கள் 'டுயல் லிங்க்' டிவிஐ கேட்கும். அதுக்கு இந்தச் சாதாரண கேபிள் பத்தாது.

*நீல விஜிஏ மட்டும்தான் இருக்கா?* அப்போ உங்களுக்குத்தான் பாலம் தேவை. அதுக்குப் பேர் ஆக்டிவ் அடாப்டர். உள்ளே ஒரு குட்டி சிப் இருக்கும். வேலை போன அந்த மொழிபெயர்ப்பாளர்தான் அந்த சிப்! விலை சில நூறு ரூபாய்தான்.

இதுல ரெண்டு வகை இருக்கு. ஹெச்டிஎம்ஐ-ல இருந்து விஜிஏ, டிஸ்ப்ளேபோர்ட்ல இருந்து விஜிஏ. முடிஞ்சா ரெண்டாவதை எடுங்க. அந்த சிப் ஓட கரன்ட் வேணும். டிஸ்ப்ளேபோர்ட் அதைத் தாராளமாத் தரும். ஹெச்டிஎம்ஐ கஞ்சத்தனமா, கொஞ்சூண்டுதான் தரும். அதனாலதான் சில ஹெச்டிஎம்ஐ அடாப்டர்கள்ல பக்கவாட்டுல ஒரு குட்டி யூஎஸ்பி துளை வெச்சிருப்பாங்க. படம் விட்டு விட்டு வந்தா அதுல போன் சார்ஜர் கேபிளை மாட்டிக்கலாம். இன்னொரு லாபமும் இருக்கு. கார்டுல ஹெச்டிஎம்ஐ பெரும்பாலும் ஒண்ணுதான். அதை டிவிக்காக மிச்சம் வெச்சுக்கலாமே!

காசு போற இடங்கள் மூணு!

ஒண்ணு, திசை. 'ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ' வேற, 'விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ' வேற. முதலாவது புது கம்ப்யூட்டரைப் பழைய மானிட்டரோட சேர்க்கும். ரெண்டாவது பழைய கம்ப்யூட்டரைப் புது டிவியோட சேர்க்கும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா ஒன்-வே ரோடு. திருப்பி மாட்டினா வேலை செய்யாது. கடையில 'விஜிஏ கன்வெர்ட்டர் கொடுங்கண்ணே'னு மட்டும் கேட்டீங்கன்னா எது கையில வரும்னு சொல்ல முடியாது. 'சிபியு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் விஜிஏ'னு தெளிவாச் சொல்லுங்க.

ரெண்டு, சிப் இல்லாத வெறும் கேபிள். ஒரு முனையில ஹெச்டிஎம்ஐ, மறுமுனையில விஜிஏ, நடுவுல ஒயர் மட்டும். பார்க்க அழகா இருக்கும், ஆனா படம் வராது. ஒயர் மொழிபெயர்க்குமா? வாங்கறதுக்கு முன்னாடி டிஸ்கிரிப்ஷன்ல 'ஆக்டிவ்' இல்லைன்னா 'பில்ட்-இன் சிப்'னு இருக்கானு பாருங்க. இல்லைனா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிட்டே இருங்க.

மூணு, பழைய டப்பாவுல கிடக்கும் அந்தக் குட்டி டிவிஐ-விஜிஏ பிளக். ஒரு காலத்துல கிராஃபிக்ஸ் கார்டோட இலவசமா வரும். அதுலயும் சிப் கிடையாது. கார்டே அனலாக் கொடுத்த காலத்துல அது வேலை செஞ்சது. இப்போ டிவிஐ இருக்கற கார்டு கிடைச்சாலும் அது டிவிஐ-டி, வெறும் டிஜிட்டல். அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபம். டிவிஐ போர்ட்டோட ஓரத்துல ஒரு நீள கோடு மாதிரி துளை இருக்கும். அதைச் சுத்தி நாலு சின்னத் துளை இருந்தா அனலாக் உண்டு. இல்லைனா கிடையாது. அந்தக் குட்டி பிளக்ல நாலு பின்னும் இருக்கறதால, டிவிஐ-டி போர்ட்டுக்குள்ள அது நுழையவே நுழையாது. பலம் கொடுத்துத் தள்ளாதீங்க!

'மதர்போர்டுல நீல போர்ட் இருக்கே!' - இதுதான் பெரிய பொறி

புது மதர்போர்டுகள் பலதுல இன்னமும் விஜிஏ போர்ட் இருக்கும். கார்டுல இடம் இல்லைன்ன உடனே கை தானா அங்கதான் போகும். சொருகினா படமும் வரும். ஆனா அந்தப் படத்தைத் தர்றது உங்க காஸ்ட்லி கார்டு இல்ல, ப்ராசஸருக்குள்ள இருக்கற சாதாரண கிராஃபிக்ஸ். புது வண்டி வாங்கி வாசல்ல நிறுத்திட்டு, சைக்கிள்ல சுத்தற மாதிரிதான்.

'என்னடா, இவ்ளோ செலவு பண்ணியும் கேம் இப்படித் திக்குது'னு தோணுச்சுன்னா முதல்ல இதைத்தான் செக் பண்ணணும். விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேனு போங்க. மானிட்டர் எந்த கிராஃபிக்ஸோட இணைஞ்சிருக்குனு பேரோட காட்டும். உங்க கார்டு பேர் அங்க வந்தா ஓகே. இன்டெல்னோ, ப்ராசஸரோட உள் கிராஃபிக்ஸ் பேரோ வந்தா, கேபிள் தப்பான இடத்துல இருக்குனு அர்த்தம்.

சிலருக்கு மதர்போர்டுல சொருகினா படமே வராது. ப்ராசஸர் பேரோட கடைசியில 'எஃப்' இருக்கானு பாருங்க. இன்டெல்ல 'எஃப்'னா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாதுனு அர்த்தம். அப்போ மதர்போர்டுல இருக்கற எந்த டிஸ்ப்ளே போர்ட்டும் வேலை செய்யாது. போர்டு போயிடுச்சுனு பயந்து அதைக் கழட்டித் தூக்கிட்டு மறுபடி பஸ் ஏறிடாதீங்க!

ஆனா இந்தப் பொறிக்குள்ள ஒரு சின்ன நன்மையும் ஒளிஞ்சிருக்கு. ப்ராசஸர்ல கிராஃபிக்ஸ் இருந்தா, அடாப்டர் கைக்கு வர்ற வரைக்கும் மதர்போர்டு விஜிஏ-லயே சமாளிக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 'கிராஃபிக்ஸ்'னு ஒரு பகுதி இருக்கும். அங்க உங்க கேமைச் சேர்த்து, 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' தேர்ந்தெடுங்க. கேமை வரையற வேலையைப் புது கார்டு செய்யும், படம் மட்டும் மதர்போர்டு வழியா வெளிய வரும். நேரடியா இணைக்கற அளவு வேகம் இருக்காது. ஆனாலும் செஞ்சி மாதிரி ஊர்ல, ராத்திரி எட்டு மணிக்கு அடாப்டருக்கு எங்க போறது? ரெண்டு நாள் தள்ள இது தாராளம்.

மாட்டுறது எப்படி?

1. கம்ப்யூட்டர், மானிட்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க.

2. அடாப்டரை கார்டுல சொருகுங்க. கார்டு எதுனு குழப்பமா? சிபியு பின்பக்கத்துல, யூஎஸ்பி துளைகளோட கூட்டமா இருக்கறது மதர்போர்டு. அதுக்குக் கீழே தனியா, படுத்த மாதிரி இருக்கற போர்ட் வரிசைதான் கார்டு.

3. விஜிஏ கேபிளை அடாப்டர்ல மாட்டி, ரெண்டு பக்கத் திருகையும் கையாலேயே முடுக்குங்க. லூஸா விட்டா பின்னாடி கலர் பிரச்னை வரும்.

4. மானிட்டரை முதல்ல, கம்ப்யூட்டரை அப்புறம் ஆன் பண்ணுங்க. சில அடாப்டர்கள்ல ஆரம்ப பயாஸ் திரை தெரியாம, விண்டோஸ் வந்த பிறகுதான் படம் வரும். ஒரு நிமிஷம் பொறுங்க.

5. படம் வந்ததும் மானிட்டரோட சொந்த ரெசல்யூஷனை வைங்க. பழைய 17, 19 இன்ச் சதுர மானிட்டர்னா பெரும்பாலும் 1280×1024. 18.5 இன்ச் அகல மானிட்டர்னா பெரும்பாலும் 1366×768. மானிட்டர் முதுகுல இருக்கற மாடல் நம்பரைத் தேடினா சரியான கணக்கு கிடைச்சுடும். வேற ரெசல்யூஷன் வெச்சா எழுத்து கொழகொழனு தெரியும்.

6. கடைசியா மானிட்டர்ல இருக்கற 'ஆட்டோ' பட்டனை ஒரு தடவை அழுத்துங்க. விஜிஏ-ல படம் ஓரமா தள்ளி நின்னாலும், எழுத்து நடுங்கினாலும் அதுவே சரிபண்ணிக்கும். இந்த பட்டனுக்குப் பல வீடுகள்ல பல வருஷமா வேலையே கொடுக்கல!

சவுண்ட் எங்கே போச்சுனு தேடாதீங்க. விஜிஏ-ல சத்தம் போகாது. ஸ்பீக்கரை எப்பவும்போல சிபியு-வுல மாட்டுங்க. ஹெட்போன் துளையோட வர்ற ஹெச்டிஎம்ஐ அடாப்டரும் இருக்கு.

படம் சொதப்புதா? திரையே காரணத்தைச் சொல்லும்!

*'நோ சிக்னல்'னு வருதா?* மானிட்டர் மெனுவுல இன்புட் 'விஜிஏ' இல்லைன்னா 'அனலாக்'ல இருக்கானு பாருங்க. அப்புறம் கீபோர்டுல விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' நாலையும் ஒண்ணா அழுத்துங்க. கிராஃபிக்ஸ் டிரைவர் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும்.

*'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு வருதா?* மானிட்டரால முடியாத ரெசல்யூஷனையோ வேகத்தையோ கொடுத்துட்டீங்க. எதையும் தொடாம 15 விநாடி காத்திருங்க. விண்டோஸே பழைய செட்டிங்குக்குத் திரும்பிடும்.

*திரை முழுக்க மஞ்சளா இருக்கா?* நீல ஒயர் கட். *பச்சை கலந்த வெளிர் நீலமா?* சிவப்பு ஒயர் கட். *ரோஸ் கலரா?* பச்சை ஒயர் கட். கேபிளைக் கழட்டி, பின் ஏதாவது வளைஞ்சிருக்கானு பாருங்க. பத்துல ஒம்பது தடவை மானிட்டரைக் குறை சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. ஆனா 15 பின்ல ஒண்ணு பிறவியிலேயே இல்லாம இருந்தா பதறாதீங்க. பல கேபிள்கள்ல ஒரு பின் இருக்கவே இருக்காது.

*ஓடிடி-ல படம் மட்டும் கறுப்பா, இல்லைன்னா தெளிவு கம்மியா இருக்கா?* காப்பி அடிக்கறதைத் தடுக்க ஹெச்டிசிபினு ஒரு பூட்டு உண்டு. விஜிஏ-வுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. அதனால சில பெய்டு வீடியோக்கள் மக்கர் பண்ணலாம். கேம், படிப்பு, யூடியூப் எதுக்கும் இதனால பாதிப்பு இல்ல.

கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு!

இதுவரைக்கும் சொன்னது ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு. இன்னும் வாங்காதவங்க இந்தக் கணக்கைப் பாருங்க. அடாப்டரால மிச்சமாகறதைவிட இதுல அதிகம் மிச்சமாகும்.

கார்டோட வேலை, திரையில இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிக்கறது. 1366×768 மானிட்டர்ல மொத்தம் சுமார் 10.5 லட்சம் புள்ளிகள். 1920×1080-ல சுமார் 20.7 லட்சம். 4கே-ல சுமார் 83 லட்சம். அதாவது உங்க பழைய 18.5 இன்ச் மானிட்டரைப்போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு. 4கே-க்காகச் செஞ்ச கார்டை வாங்கி பழைய மானிட்டர்ல மாட்டினா, கல்யாண வீட்டு அண்டாவுல ஒரு டம்ளர் டீ போடற கதைதான்.

வேகமும் அப்படித்தான். பழைய எல்சிடி மானிட்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 150 படம் கொடுத்தாலும் மிச்சம் 90 உங்க கண்ணுக்கு வராது. விஜிஏ அடாப்டர்களும் பொதுவா 1920×1080, 60 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கும்.

ஆகவே, பழைய மானிட்டரோடதான் இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டப் போறீங்கன்னா நடுத்தர கார்டே போதும். மிச்ச காசை எஸ்எஸ்டி, ராம், நல்ல பவர் சப்ளைனு போடுங்க. இல்ல, பெரிய கார்டுதான் வேணும்னா, சீக்கிரமே புது மானிட்டரும் வாங்கற மாதிரி பட்ஜெட்டைப் பிரிச்சு வைங்க. பெரிய கார்டு, சின்னத் திரைனு நிரந்தரமா ஓட்டறதுதான் நஷ்டம்.

புதுசு வாங்கின பிறகும் பழசைத் தூக்கிப் போட வேணாம். பக்கத்துலயே ரெண்டாவது திரையா வெச்சுக்கோங்க. ஒண்ணுல ஆன்லைன் கிளாஸ், இன்னொண்ணுல நோட்ஸ். டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கறவங்க, கோடிங் கத்துக்கறவங்க ஒரு தடவை இப்படிப் பழகிட்டா மறுபடி ஒத்தைத் திரைக்குப் போகவே மாட்டாங்க. விண்டோஸ் பட்டனோட 'பி' அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' கொடுத்தா ரெடி.

எப்போ விடை கொடுக்கணும்?

எல்லாப் பழசும் தங்கம் இல்ல. வெளிச்சம் ரொம்ப மங்கி, திரை மஞ்சள் பூத்து, அரை மணி நேரத்துல கண்ணு எரிய ஆரம்பிச்சா, போதும், அனுப்பிடுங்க. கண்ணைவிட மானிட்டர் முக்கியம் இல்ல.

டப்பா மானிட்டரா? அடாப்டர் போட்டா அதுலயும் படம் வரும். சும்மா சொல்லக் கூடாது, சிக்னல் வந்ததும் படம் வந்துடும், தாமதமே இருக்காது. 2001-ல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே கேமை இன்னமும் வெளிநாட்டுப் போட்டிகள்ல சிஆர்டி டிவியில வெச்சு ஆடறவங்க இருக்காங்க! ஆனா தினசரி வேலைக்கு அது கரன்ட் தின்னும், இடம் தின்னும். ஒண்ணு மட்டும் கண்டிப்பா ஞாபகம் வைங்க. அதோட பின்மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல போகும், ஆஃப் பண்ணின பிறகும் மின்சாரம் தேங்கி நிக்கும்.

தூக்கிப் போடறதா இருந்தாலும் குப்பைத்தொட்டி வேண்டாம். சிஆர்டி கண்ணாடியில ஈயம் இருக்கு. பழைய எல்சிடி-யோட பின்விளக்குக் குழாய்கள்ல பாதரசம் இருக்கு. ஏரிக்கரையில போட்டு எரிச்சா அது மண்ணுக்கும் தண்ணிக்கும்தான் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள்படி, இந்தக் கழிவை மறுசுழற்சி செய்யற பொறுப்பு தயாரிக்கற நிறுவனங்களோடது. அந்த பிராண்டோட இணையதளத்துல சேகரிப்பு விவரம் இருக்கும், பார்த்துட்டுக் கொடுங்க.

2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டோட வழக்கமான ஆதரவு முடிஞ்சது. அதனாலயே பல வீடுகள்ல புது சிபியு வந்துட்டு இருக்கு. கூடவே நல்லா ஓடற மானிட்டர்களும் பரணுக்குப் போகுது. போற வழியில ஒரு நிமிஷம் நிறுத்தி, அதோட முதுகைத் திருப்பிப் பாருங்க.

நம்ம கோட்டையையே எடுத்துக்கோங்களேன். 1649-ல் பீஜப்பூர் படை வந்துச்சு, 1677-ல் சிவாஜி வந்தார், 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். வந்தவங்க யாரும் பழைய கோட்டைனு இடிச்சுட்டுப் புதுசு கட்டல. அதே மதில்களுக்குள்ளதான் இருந்தாங்க. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராத்தியர் ராணுவ நிலப்பரப்புனு 12 கோட்டைகளைச் சேர்த்தப்போ, தமிழ்நாட்டுல இருந்து இடம்பிடிச்ச ஒரே கோட்டை இதுதான்.

உங்க மானிட்டருக்கு யுனெஸ்கோ எல்லாம் வேணாம் பாஸ். சில நூறு ரூபாய்க்கு சரியான ஒரு அடாப்டர் போதும். அடுத்த தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போறப்ப, பஸ் ஏறறதுக்கு முன்னாடி வீட்டு மானிட்டரோட பின்பக்கத்தைப் போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. அந்த ஒரு போட்டோவைக் கடைக்காரர்கிட்ட காட்டினா போதும், எந்தப் பாலம் வேணும்னு அங்கேயே தெரிஞ்சுடும். ஊருக்கு வந்து சேர்ந்த ராத்திரியே கேமும் ஆடிடலாம்!